விடை தெரிந்த செய்முறைகள்: திறந்த மூல மென்பொருளும் நம் கணினி மாணவர்களும்

உங்களுள் பலர் தனி ஊசல் செய்முறையைச் செய்திருப்பீர்கள். ஒரு மீட்டர் நூல், ஓர் உலோகக் குண்டு, ஒரு நிறுத்துக் கடிகாரம். தேவையான பொருள்கள் இவ்வளவே. குண்டு இருபது முறை அலைவதற்கு ஏறக்குறைய 40 வினாடி ஆகும். அந்த நேரத்திலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். ஆனால் விடை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். 981 செ.மீ./வி² என்று பாடநூலிலேயே இருக்கிறது. ஆகவே கெட்டிக்கார மாணவர்கள் விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்குப் பொருந்துமாறு நேரத்தைப் பின்னாலிருந்து நிரப்பிவிடுகிறார்கள். ரெக்கார்டு நோட்டு அழகாக அமைகிறது; மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புவி முழு உருண்டை அன்று. அது சுழன்றுகொண்டும் இருக்கிறது. எனவே நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு முடுக்கம் சற்றே குறையும். திண்டுக்கல் நகரம் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே கணக்கிட்டால் 978 செ.மீ./வி² தான் வருகிறது. கவனமாக அளந்து 978 கண்ட ஒரு மாணவன், புத்தகத்தைப் பார்த்துவிட்டு அதை அழித்து 981 என்று எழுதினால், அவன் சரியான விடையை அழித்துத் தவறான விடையை எழுதியவன் ஆகிறான்!

இயற்பியல் ஆசிரியனாகிய நான் இதைக் கொண்டு தொடங்கக் காரணம் உண்டு. திண்டுக்கல்லில் கணினி அறிவியல் மாணவர்களுக்குத் துணைப்பாடமாக இயற்பியல் கற்பிக்கிறேன். அவர்களுடைய செய்முறை வகுப்புகளையும் இறுதியாண்டுத் திட்டப்பணிகளையும் அருகிலிருந்து பார்க்கிறேன். எங்கள் ஊசலைப் பிடித்த நோய் அங்கேயும் பிடித்திருக்கிறது. அதற்கு மருந்தாக வந்த ‘திறந்த மூல மென்பொருள்’ என்னும் நல்ல முயற்சியையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. அதைப் பற்றியதே இந்த விமர்சனம்.

திறந்த மூலம் என்றால் என்ன?

கணினி நிரலை மனிதர் எழுதும் வடிவம் மூலநிரல் எனப்படும். பெரும்பாலான வணிக நிறுவனங்கள் அதை மறைத்துவிட்டு, கணினி மட்டுமே இயக்கக்கூடிய வடிவத்தை விற்கின்றன. திறந்த மூல மென்பொருளிலோ மூலநிரல் எல்லோருக்கும் கிடைக்கும். எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய ‘குனூ’ திட்டம் இந்த உரிமைகளை ஒரு கொள்கையாகவே வகுத்தது. அதனால் இவ்வகை மென்பொருளைத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்றும் சொல்கிறோம்.

பூட்டுக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு திறப்பதைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். நல்ல பூட்டின் உள்ளமைப்பைப் பட்டறையில் உள்ள அனைவரும் அறிவர். சாவி மட்டுமே உரியவரிடம் இருக்கும். மறைகுறியீட்டு இயலிலும் இதே நெறியை 1883இல் கெர்க்காஃப்ஸ் என்பவர் வகுத்தார். பாதுகாப்பு சாவியைப் பொறுத்திருக்க வேண்டும். பொறியமைப்பை மறைப்பதைப் பொறுத்திருக்கக் கூடாது என்பதே அது. ஆக, திறந்த மூலம் பூட்டுக்குப் பகையன்று.

மூலநிரல் மாணவருக்கு மறுக்கப்பட்ட காலம்

மூலநிரலைப் படிப்பது கல்விக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை வரலாறு காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், 1970களின் நடுவில் யூனிக்ஸ் இயக்க முறைமையின் மூலநிரலை வரிவரியாக விளக்கித் தம் மாணவர்களுக்கு ஓர் உரை எழுதினார். பெரிய நிரலை ஒருவர் முழுவதும் படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. 1979இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலோ, மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று உரிமம் தடுத்தது. லயன்ஸின் உரை பல்லாண்டுகள் நகலின் நகலாகக் கைமாறி வந்து, 1996இல்தான் முறைப்படி நூலாயிற்று.

இந்தத் தடையால் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆன்ட்ரூ டேனன்பாம், தம் மாணவர்களுக்காக ‘மினிக்ஸ்’ என்ற சிறிய இயக்க முறைமையைத் தாமே எழுதிப் பாடநூலுடன் 1987இல் வெளியிட்டார். வகுப்பில் நடத்தும் அளவுக்கு அது சிறியதாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே பிறர் அனுப்பிய சேர்க்கைகளை அவர் அதிகம் ஏற்கவில்லை. பாடநூல் ஆசிரியர் என்ற முறையில் அது நியாயமே.

1991 ஆகஸ்டு 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், மினிக்ஸ் பயனர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினார். தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்க முறைமை எழுதிவருவதாகவும், அதில் என்னென்ன வேண்டும் என்று சொல்லுமாறும் கேட்டிருந்தார். அதுவே லினக்ஸ். முன்பின் அறியாதவர்கள் பிழைகளைச் சொன்னார்கள், திருத்தம் அனுப்பினார்கள். அவர் படித்துப் பார்த்துச் சிலவற்றை ஏற்றார், பலவற்றைத் திருப்பி அனுப்பினார்.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். மினிக்ஸின் மூலநிரலும் மாணவர்களுக்குக் கிடைத்தது. லினக்ஸின் மூலநிரலும் கிடைத்தது. வேறுபாடு என்ன? மினிக்ஸில் மாணவர் வாசகர். லினக்ஸில் மாணவர் எழுதுவதையும் படிப்பதற்கு வேறொருவர் இருந்தார். அந்த வேறொருவருக்கு விடை முன்கூட்டியே தெரியாது. ஆனால் அவருக்கு அந்த விடை தேவைப்பட்டது. திறந்த மூலம் கல்விக்குத் தரக்கூடிய பெருங்கொடை இதுதான் என்பது என் கருத்து. மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது அதற்கு அடுத்த பயனே.

நம் பாடத்திட்டம் செய்ததும் விட்டதும்

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கியிருந்தது என்று சொல்ல முடியாது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் கூடிவருகிறது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் சென்னையில் அமைந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், கணினிப் பொறியியல் ஏழாம் பருவத்துக்கு ‘ஓபன் சோர்ஸ் லேப்’ என்றே ஒரு செய்முறைத் தாள் வந்தது. இதைக் கொண்டுவந்தவர்களைப் பாராட்ட வேண்டும். அதுவரை பொத்தான்களை அழுத்தப் பழகிய மாணவர்கள், லினக்ஸின் மூலநிரலைத் தருவித்து, தாமே தொகுத்து நிறுவ வேண்டும் என்று அத்தாள் சொன்னது. பொதிகளை நிறுவுதல், பெர்ல், பைத்தான் ஆகியவற்றில் நிரல் எழுதுதல் எனப் பலவும் அதில் இருந்தன. நிரலில் செய்யப்படும் மாற்றங்களைப் பதிவு செய்துவரும் ‘வெர்ஷன் கன்ட்ரோல்’ முறையையும் பழகச் சொன்னது.

இந்தக் கடைசிப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரே நிரலின் ஒரே வரியை இருவர் இரு வகையாக மாற்றினால் முரண்பாடு எழும். அதைக் கண்டறிந்து தீர்ப்பதும் அப்பயிற்சியின் ஒரு பகுதி. மிக நல்ல பயிற்சி! ஆனால் ஆய்வுக்கூடத்தில் அந்த இருவர் யார்? ஒரே மாணவர்தான். இரண்டு பெயர்களில் புகுந்து, தம்முடனேயே முரண்பட்டு, தம்முடனேயே சமாதானம் செய்துகொண்டு ரெக்கார்டில் எழுதிவிடலாம். மாற்றுக் கருத்துடைய மனிதர் ஒருவரைச் சந்திக்காமலேயே முரண்பாட்டைத் தீர்க்கப் பயிலும் விந்தை இது.

ஆக, அந்தத் தாள் திறந்த மூலத்தின் கருவிகளை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. அதன் மனிதர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பத்துப் பன்னிரண்டு பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் தெரிந்த விடை, மூன்று மணி நேரத் தேர்வு என்ற பழைய சட்டகம் அப்படியே இருந்தது. அந்த ஒழுங்குமுறை பின்னர் மாறிவிட்டது, சட்டகம் மாறவில்லை.

இதன் விளைவை இறுதியாண்டுத் திட்டப்பணியில் பார்க்கிறோம். நான் பார்த்த ஒரு வாய்மொழித் தேர்வில், ஒரே நாளில் நான்கு குழுக்கள் ‘நூலக மேலாண்மை’ மென்பொருளைக் காட்டின. நான்கிலும் ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருந்தது. விலைக்குத் திட்டப்பணி தயாரித்துக் கொடுக்கும் கடை ஒன்றிலிருந்து அது வந்திருந்தது. மாணவர்களைக் கடிந்து பயனில்லை. எவரும் பயன்படுத்தப் போவதில்லை, எவரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த ஒன்றை எழுத, யாருக்குத்தான் மனம் வரும்?

எண்ணிக்கை நோய்

‘அப்படியானால் எல்லா மாணவரையும் உண்மையான திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்பச் சொல்லிவிடலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது பள்ளம் இருக்கிறது.

டிஜிட்டல் ஓஷன் என்ற நிறுவனம் ஆண்டுதோறும் அக்டோபரில் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற நிகழ்ச்சியை நடத்துகிறது. 2020இல் அதன் விதி எளியது: அம்மாதத்தில் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் பரிசு. என்ன நடந்தது? விளக்கக் கோப்புகளில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்தும், ‘அருமையான திட்டம்’ என்று எழுதியும் பயனற்ற திருத்தங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டுமே இனிக் கணக்கு என்று சில நாள்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற புகழ்பெற்ற திட்டத்துக்கும் இதே துன்பம் வந்தது. ஒரு பயிற்சிக் காணொளியைப் பார்த்துப் பழகிய மாணவர்கள், தம் பெயரை அதன் விளக்கக் கோப்பில் சேர்க்குமாறு வரிசையாகக் கோரிக்கை அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் 60 பேர். ஒவ்வொருவரும் ஒரு திருத்தம் அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றையும் பார்த்து மறுக்க 5 நிமிடம் என்றால், பராமரிப்பவருக்கு 5 மணி நேரம் வீண். அவர் பெரும்பாலும் சம்பளமில்லாமல், மாலை நேரத்தில் அப்பணியைச் செய்பவர். நம் மாணவரின் ஒரு மதிப்பெண்ணுக்கு அவர் ஏன் ஐந்து மணி நேரத்தை இழக்க வேண்டும்?

முதல் நோயில் விடை முன்பே தெரியும். இரண்டாம் நோயில் கேள்வியே கிடையாது.

ஒரு சொல்லின் கதை

இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறதா? நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

என் துணைப்பாட வகுப்பில், நத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருவர் இருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. ஒரு நாள் இயக்கம் பற்றிய பாடத்துக்காக, ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழ் வடிவத்தைத் திரையில் காட்டினேன். வகுப்பு முடிந்ததும் அவர் வந்து, “சார், இதுல ரெண்டு இடத்துலயும் ‘வேகம்’னு போட்டிருக்கு. ஒண்ணு திசைவேகம்ல?” என்றார். பார்த்தேன். அவர் சொன்னது சரி. எண்ணளவை மட்டும் குறிப்பது வேகம். திசையையும் சேர்த்துக் குறிப்பது திசைவேகம். நம் பள்ளிப் பாடநூல்கள் இரண்டையும் பிரித்தே சொல்கின்றன. அந்த மென்பொருளை நான் பல மாதங்களாகப் பயன்படுத்தியிருந்தும் என் கண்ணில் அது படவில்லை.

“நீயே எழுதி அனுப்பு” என்றேன். ஆங்கிலத்தில் நான்கு வரி எழுத அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: ‘இப்படித்தான் வழங்குகிறது என்பதற்கு ஆதாரம் என்ன?’ அவர் முகம் வாடிவிட்டது. தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணினார். “கேட்கிறார்கள் என்றால் படித்திருக்கிறார்கள் என்று பொருள்” என்று சொல்லிப் பாடநூலைத் தேடவைத்தேன். பக்கத்தைக் குறித்து அனுப்பினார். மீண்டும் ஒரு கேள்வி: அதே சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது? கோப்பு முழுவதையும் தேடியதில் மேலும் ஐந்து இடங்கள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்றில் ‘வேகம்’ என்பதே சரி. ஐந்தையும் கண்மூடி மாற்றாமல் நான்கை மட்டும் மாற்றி அனுப்பினார். ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பின் திருத்தம் ஏற்கப்பட்டது.

அந்த ஆறு வாரத்தில் அவர் கற்றவை எவை? பிறர் எழுதிய கோப்பைப் படித்தல், பிழையைத் தெளிவாகச் சொல்லுதல், ஆதாரம் தேடுதல், மறுப்பைக் கண்டு ஒடிந்துவிடாமல் இருத்தல். இவை எந்தப் பொறியாளருக்கும் தேவையானவை. ஆனால் இதற்காக அவருக்குக் கிடைத்த மதிப்பெண் சுழியம். ரெக்கார்டு நோட்டில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை.

ஆங்கிலம் போதாது என்பதால் தமிழ்வழி மாணவர்களுக்கு இத்துறை எட்டாது என்பவர்களுக்கும் இது விடை. அந்தப் பிழையைக் காண அவருக்கு உதவியது அவருடைய தமிழ்வழிக் கல்வியேயாகும். அண்டை மாநிலமான கேரளத்தில், தம் மொழி கணினியில் சரியாக இயங்க வேண்டும் என்ற தேவையால் 2002இல் கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் தொடங்கிய முயற்சியே, ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற பெரிய சமூகமாக வளர்ந்தது. நம்மிடையே ‘கணியம்’ இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு ஊர்ப்புற மாணவர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. வழிகாட்டிகள் இல்லை என்று சொல்வதற்கில்லை.

எப்படி மாற்றலாம்?

நல்ல மாதிரிகள் இருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஃபாசி’ திட்டத்தில், பாடநூல்களிலுள்ள தீர்வு செய்த கணக்குகளுக்கு மாணவர்கள் ‘சைலேப்’ நிரல் எழுதித் தருகிறார்கள். விடை தெரிந்த கணக்குதான். ஆயினும் வேறொருவர் சரிபார்த்த பின்னரே அது வெளியாகிறது, நாடெங்கும் உள்ளவர்களுக்குப் பயன்படுகிறது. எனவே இதைப் பாதி வழி என்பேன். கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைக்காலத் திட்டமும் கவனிக்கத்தக்கது. அங்கும் பரிசு உண்டு, அதுவும் பணமாகவே. ஆனால் மாணவர் முதலில் தாம் செய்யப்போவதை எழுதித் தந்து தேர்வு பெற வேண்டும்; பிறகு ஒரு வழிகாட்டியின் கீழ்ப் பல வாரம் உழைக்க வேண்டும். பரிசு கொடுப்பது குற்றமன்று. எண்ணிக்கைக்குப் பரிசு கொடுப்பதே குற்றம் என்று இதிலிருந்து அறியலாம்.

நம் கல்லூரிகளுக்கு நான் சொல்ல விரும்புபவை மூன்று.

முதலாவது, மாணவர் தாம் உண்மையில் பயன்படுத்தும் மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். பயன்படுத்தாதவர் கண்ணில் பிழை படாது. முதல் பருவத்தில் நிறுவுவதும் பயன்படுத்துவதும் பிழையைத் தெளிவாக எழுதுவதும் போதும்.

இரண்டாவது, வெளியே போகும் ஒவ்வொரு திருத்தத்தையும் முதலில் ஒரு சக மாணவரும், பிறகு ஆசிரியரும் படிக்க வேண்டும். அப்போது முரண்பாட்டைத் தீர்க்க உண்மையாகவே இருவர் கிடைப்பார்கள்; பராமரிப்பவரின் மாலை நேரமும் காப்பாற்றப்படும். இதற்கு ஆசிரியரும் ஒரு முறையாவது திருத்தம் அனுப்பி மறுப்பு வாங்கியிருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. என் முதல் திருத்தம் திரும்பி வந்தது.

மூன்றாவதே முக்கியமானது. திருத்தம் ஏற்கப்பட்டதா என்பதற்கு மதிப்பெண் தரக் கூடாது. ஏற்பது நம் கையில் இல்லை. பருவம் முடிவதற்குள் பதில் வரும் என்ற உறுதியும் இல்லை. பேராசிரியர்கள் சொல்லும் இந்த ஆட்சேபம் முற்றிலும் நியாயமானதே. அதற்குப் பரிகாரம், நடந்த முயற்சியின் பதிவுக்கு மதிப்பெண் தருவது. என்ன பிழை கண்டார், எப்படிச் சோதித்தார், என்ன கேட்டார்கள், என்ன விடை சொன்னார் என்று தேதி வாரியாக எழுதட்டும். காரணத்தோடு மறுக்கப்பட்ட திருத்தமும் முழு மதிப்பெண் பெறத்தக்கதே.

இதைக் கணினித் துறைக்கு உபதேசிக்கும் முன் எங்கள் துறையில் செய்ய வேண்டாமா? தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம் உருவாக்கிய ‘எக்ஸ்பைஸ்’ என்ற சிறு கருவி இருக்கிறது. அதன் மின்சுற்று வரைபடமும் பைத்தான் நிரலும் எல்லோருக்கும் திறந்தவை. ஊசலின் பாதையில் ஓர் ஒளி உணரியை வைத்து இதனுடன் இணைத்தால், அலைவு நேரத்தை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கலாம். 978க்கும் 981க்கும் உள்ள வேறுபாடு இருபது அலைவில் ஏறக்குறைய 0.06 வினாடிதான். கையால் நிறுத்தும் கடிகாரத்துக்கு அது எட்டாது, இதற்கு எட்டும். நூலின் நீளத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அளக்க வேண்டும்.

சென்ற ஆண்டு இப்படி அளந்த ஒரு மாணவர் 978 என்ற விடையுடன் வந்து, “சார், மூணு குறையுது. மாத்திடவா?” என்று கேட்டார். மாற்ற வேண்டாம், ஏன் குறைகிறது என்று எழுதிவா என்றேன். நிலநடுக்கோட்டையும் புவியின் சுழற்சியையும் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தார். தேர்வு நாளில் அதைப் படிக்கும் வெளித்தேர்வாளர் என்ன சொல்வாரோ என்ற அச்சம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. இந்த அச்சம் நீங்கும் வகையில் நம் செய்முறைத் தேர்வுகளை எப்படி அமைப்பது என்பதை ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பார்களாக. மாணவ நண்பர்களே, நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் உங்கள் கண்ணை உறுத்தும் ஒரு பிழையை இன்றே குறித்துவையுங்கள்.